இருபத்தெட்டு அங்குல மேசை

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். வேறு என்ன சொல்வது? நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் எட்டு வருஷம் டைப் அடித்தேன். கழுத்தில் தாலி ஏறிய மாதமே, "கலியாணம் முடிஞ்ச பெண்ணுக்கு ஆபீசில கதிரை இல்லைப் பிள்ளை" என்று பெரிய கிளாக்கர் ஐயா சொல்லிவிட்டார். அப்படி ஒரு விதி எந்தக் கோப்பிலும் கிடையாது. தேடிப் பார்த்தவள் நான்.

என் இடத்துக்கு வந்திருக்கும் புஷ்பம் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆறு வகுப்புக் கீழே படித்தவள். தோட்டத்தில் தச்சுப் பட்டறையைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்களாம், சிமெண்டுத் தரை போட்டு. நாலு பட்டறை மேசை செய்யச் சொல்லி ஹட்டனுக்கு எழுத வேண்டுமாம்.

"அளவெல்லாம் பழைய கோப்புல இருக்குன்னு ஐயா சொன்னாரு. நானும் பார்த்துட்டேன் அக்கா. நீங்க அடிச்ச கடுதாசிதான். உயரம் இருபத்தெட்டு இஞ்சு. சரிதானே? நாளைக்கு அடிச்சு அனுப்பிருவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்கு வைத்த தேத்தண்ணியை நானே குடித்துவிட்டேன்.

அந்த இருபத்தெட்டின் கதையை அன்று அவளுக்குச் சொன்னேன். அவளுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாங்கில் முதலில் உட்கார்ந்தவள் நான்தான். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பா மாரிமுத்து முதலில் மலை வேலை செய்தார். மழைத்தண்ணி வடியக் கான் வெட்டும்போது பாறை உருண்டு இடது காலில் இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகு ஏற்றத்தில் அவருக்குக் கால் நிற்காது. அதனால் பட்டறையில் போட்டார்கள். தச்சு வேலையை அங்கேயே பழகிக்கொண்டார். நான் ஹட்டனில் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி, டைப்பும் பழகி, பத்தொன்பது வயதில் அதே தோட்டத்து ஆபீசில் போய் உட்கார்ந்தேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பேசி வைத்ததுபோல எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். "டைப்பு அம்மா வாறாங்க, வழி விடுங்க" என்று என்னோடு ஒன்றாய்ப் படித்து மூன்றாம் வகுப்பில் நின்றுபோன பெண்களே கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

பெரிய கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் கடிதமும் மூன்று பிரதி. கையெழுத்து வைத்தபின் மை காய மூன்று தரம் ஊதுவார். அவர் ஊதி முடித்த தாளைப் பிறகு கடவுளே வந்தாலும் திருத்த முடியாது. "கோப்பில இருக்கிறதுதான் உண்மை. மனிசன் வளருவான், சுருங்குவான். கோப்பு அப்பிடியே இருக்கும்" என்பார். இதை அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் புதுத் தொர வந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனாலும் தோட்டத் தமிழ் நன்றாகவே வரும். எதைச் சொன்னாலும் முடிவில் "சரியா?" என்று கேட்டு, யாரும் வாய் திறப்பதற்குள் "சரி" என்று தானே பதிலும் சொல்லிவிடுவார். அவர் இருந்த நாலு வருஷமும் அவருடைய கேள்விக்கு வேறு ஒருவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

வந்த முதல் வாரம் பட்டறைக்குப் போனார். அங்கே அப்பாவும் சவரிமுத்து அண்ணனும் இரண்டே பேர். நம் ஆட்கள் வேலை செய்கிற மாதிரிதான் செய்துகொண்டிருந்தார்கள்: மண் தரையில் குந்தி, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்து, இழைப்புளியைத் தள்ளிக்கொண்டு. தொரைக்கு முகம் சுண்டிவிட்டது.

"குரங்கு மாதிரி காலில் புடிச்சு வேலை! இனிமே நின்னு செய்யணும். மேசை போடணும். கொழுந்து வாட்டுற தட்டுக்குச் சட்டம் இப்ப வாரதுல ரெண்டு மடங்கு வரணும். மூணு மாசம் பார்ப்பேன். வரல்லேன்னா பட்டறையை மூடி ஹட்டன்ல ஆர்டர் குடுப்பேன், நீங்க ரெண்டு பேரும் மலைக்கு. சரியா? சரி."

மலைக்கு என்றால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மழையில் அந்தச் சரிவுகளில் எட்டு விரலோடு மம்பட்டி தூக்கி நிற்பது நடக்கிற காரியமில்லை.

தொர ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். தச்சு வேலை பற்றிய இங்கிலீஷ் புத்தகம். மேசைகளின் படமும் அளவும் இருந்தன. "நீ படிச்ச பொண்ணுதானே? படிச்சு அளவு எடு" என்றார். இரண்டு நாள் அகராதியோடு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். நல்ல புத்தகம். இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். மேசையின் உயரத்துக்குப் பொது அளவு கிடையாது, வேலை செய்கிறவனின் உடம்புதான் அளவு என்று அதில் எழுதியிருந்தது. ஆள் நேராக நின்று கையைத் தொங்கவிட வேண்டும். உள்ளங்கையைத் தரைக்குச் சமமாக மடக்க வேண்டும். தரையிலிருந்து உள்ளங்கை வரை எவ்வளவோ, அதுவே இழைப்பு மேசையின் உயரம். அதற்குக் குறைந்தால் இடுப்பு போகும். கூடினால் தோள் போகும், இழைப்புளியின் மேல் உடம்பின் பாரமும் விழாது.

மறுநாள் காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் விறாந்தைக்கு இருவரையும் கூப்பிட்டேன். தொர கதவில் சாய்ந்து நின்றார். கிளாக்கர் ஐயா பென்சிலோடு நின்றார். தொரைக்கு முன்னால் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் செய்யும் முதல் காரியம். அளவு நாடாவை நான் உதறிப் பிரித்த விதத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அப்பாவும் சவரி அண்ணனும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "கையைத் தொங்க விடுங்க" என்றேன். விட்டார்கள். "உள்ளங்கையை மடக்குங்க." மடக்கினார்கள். அப்பாவுக்கு இருபத்தெட்டு. சவரி அண்ணனுக்கு இருபத்தொன்பது. உரக்கப் படித்தேன்.

"ரெண்டும் இருபத்தெட்டு போடு. ஒரே மாதிரி இருக்கணும். சரியா? சரி" என்றார் தொர.

மூன்று பிரதி அடித்தேன். ஐயா மூன்று தரம் ஊதினார்.

மற்ற அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் நான் தவறவில்லை. நீளம் ஏழடி, ஏனென்றால் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கதவு நிலை ஆறடிக்கு மேல் வரும், அது மேசையைத் தாண்டித் தொங்கினால் வாள் போடும்போது ஆடும். அகலம் இரண்டடி, அதற்கு மேல் போனால் எட்டி எடுக்க வேண்டியிருக்கும், சாமான் சேரும் இடமாகிவிடும். மேல் பலகை மூன்று அங்குலம் தடிப்பு. கால்கள் மேல் பலகையின் முன் விளிம்போடு ஒட்டி, ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் நீளப் பலகையை நிறுத்திவைத்துப் பக்கவாட்டில் இழைக்க முடியும். பலகையை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இடது கோடியில். கீழே இழுத்துத் திறக்கும் லாச்சி வேண்டவே வேண்டாம். புத்தகத்தில் அழகான ஆறு லாச்சிகளோடு ஒரு படம் இருந்தது, தொரைக்கு அதுதான் பிடித்தது. சீவல் நிறைந்து ஒரு மாதத்தில் திறக்காது, பலகையைப் பிடித்து இறுக்கவும் அடியில் இடமிருக்காது என்று நான் சொன்னேன். எட்டு வருஷத்தில் தொரமார் ஒருவர் என் பேச்சைக் கேட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

ஹட்டனிலிருந்து மேசைகள் வந்தன. கல் மாதிரிக் கனம். தட்டினால் அசையவில்லை. நான் போய்த் தடவிப் பார்த்துவிட்டுப் பெருமையோடு திரும்பினேன்.

ஒரு வாரத்தில் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "மேசை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு தாயி" என்பார். அம்மா வேப்பெண்ணெய் சுட வைத்துத் தேய்ப்பாள். "நல்லா இருக்குன்னா எதுக்கு எண்ணெய்?" என்று நான் கத்துவேன். "பழகணும்ல" என்பார். கோபம் எனக்கு அவர் மேல்தான். படித்த மகள் புத்தகத்தைப் பார்த்துச் சரியாகச் செய்து கொடுத்திருக்கிறாள், இவருக்கு நிற்க முடியவில்லையாம். அடிக்கோலை எடுத்துக்கொண்டு போய் மேசையை அளந்தேன். இருபத்தெட்டு, நூல் பிசகவில்லை. புத்தகத்தைத் திரும்பப் படித்தேன். நான் படித்தது சரி. நாடா இழுபட்டிருக்குமோ என்று பள்ளிக்கூடத்து அடிக்கோலோடு வைத்துப் பார்த்தேன். அதுவும் சரி.

முதல் மாதம் முடிவில் சட்டங்கள் கூடவில்லை, குறைந்தன. தொர திடீரென்று பட்டறைக்குள் போய்ப் பார்த்தபோது இருவரும் மேசைகளின் மேல் ஏறிக் குந்திக்கொண்டு, பலகையைக் காலால் பிடித்து இழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போட்ட சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. கிளாக்கர் ஐயா பேனாவை வைத்துவிட்டு, "தரையில இருந்த ஆக்களை நீர் மேசையில ஏத்தி விட்டிருக்கிறீர், பிள்ளை" என்றார். அதற்குச் சிரித்தவர்கள் யார் யார் என்று இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல், லயத்து வாசலில் அப்பா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். கொடி உயரமானது; எட்டிப் போட்டுவிட்டுக் கையைத் தொங்கவிட்டுச் சும்மா நின்றார். அவரைப் பார்த்த எனக்கு ஏதோ இடித்தது. உள்ளே போய் நாடாவை எடுத்துவந்து, "அப்படியே நில்லுங்கப்பா, கையை மடக்குங்க" என்று அளந்தேன்.

முப்பத்தொன்று.

திரும்ப அளந்தேன். முப்பத்தொன்று. கோடி வீட்டில் சவரி அண்ணன் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதிச் சோப்போடு அவரையும் இழுத்து நிறுத்தினேன். முப்பத்து மூன்று.

"அண்ணே, ஆபீஸ்ல நீங்க இருபத்தொம்பதுண்ணே!"

"ஆமா தங்கச்சி. தொர முன்னால நின்னா நான் நாலு இஞ்சு கம்மி. லயத்துலதான் நான் முழு ஆளு." சோப்பைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உங்கப்பாவுக்கு மூணுதான் கம்மியா? பரவாயில்லயே, என்னை விட ரோசக்காரரு!"

அப்பா சிரிக்கவில்லை. துணியை இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தார்.

முழங்கால் கொஞ்சம் மடங்கி, முதுகு வளைந்து, கழுத்து தொங்கி: தொரைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் எல்லாரும் நிற்கும் நிலை அது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். "நேராக நிற்க வேண்டும்" என்று புத்தகத்தில் படித்துவிட்டு, அந்த வளைவை நேர் என்று அளந்தவள் நான். ஆபீசில் அப்பாவின் உயரம் அவ்வளவுதான் என்று என் கண்ணே பழகியிருந்தது.

"ஏன்பா அன்னைக்கே சொல்லல?"

"என்னான்னு சொல்றது தாயி? தொர நிக்கிறாரு, நிமிந்து அளன்னு சொல்லவா?"

திங்கட்கிழமை தொரையிடம் போனேன். அளவு என்னுடையது, அது பிழை, மேசைக்கு மூன்று அங்குலமாவது கூட்ட வேண்டும் என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். ஏன் பிழைத்தது என்று கேட்டார். உங்களைக் கண்டால் எங்கள் ஆட்கள் குட்டையாகிவிடுகிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வார்த்தை வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது. "அளந்த இடம் சரியில்லை சேர்" என்றேன்.

"இடமா? கூப்பிடு. இப்பவே அளப்போம்."

திரும்பவும் அதே விறாந்தை. அதே இருவர். கதவில் தொர. நான் அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தி, நாடாவின் நுனியைத் தரையில் அழுத்திக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னேன்: "அப்பா, நிமிருங்க. லயத்துல நின்ன மாதிரி நில்லுங்க."

அப்பா முயன்றார். அதை நான் பார்த்தேன். முழங்கால் நீண்டது, தோள் பின்னால் போனது, நாடாவில் உள்ளங்கை இருபத்தொன்பதைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்துத் தொர ஒரு தரம் இருமினார். இருமல்தான், வேறொன்றுமில்லை. அப்பாவின் உடம்பு தன்பாட்டில் கீழே வந்தது.

"முடியல தாயி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

இருபத்தெட்டு.

தொர நாடாவைக் குனிந்து பார்த்தார். "இருபத்தெட்டு. மேசை சரி, ஆள்தான் சோம்பேறி. இன்னும் ரெண்டு மாசம். சரியா? சரி."

பொய்யாக முப்பத்தொன்று என்று ஏன் படிக்கவில்லை என்று புஷ்பம் கேட்டாள். எட்டு வருஷமாக நானும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரியாகப் படிக்கத் தெரிந்தவள் என்பதுதான் அந்த ஆபீசில் எனக்கிருந்த ஒரே மரியாதை. அப்பாவின் இடுப்பு வலித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

மேசைக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்துப் பார்த்தார்கள். இழைப்புளியைத் தள்ளும்போது மேசையே நகர்ந்தது. புது மரத்துக்குத் தொரையின் கையெழுத்து வேண்டும். கடைசியில் வழி சொன்னவர் சவரி அண்ணன்தான்.

"மேசைய ஒசத்த விடமாட்டாங்க. நம்மள தாழ்த்துனா யாரு வேணாம்பா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் மேசைகளுக்கு முன்னால் மண் தரையைத் தோண்டினார்கள். அப்பா நிற்கும் இடத்தில் மூன்று அங்குலம், சவரி அண்ணன் நிற்கும் இடத்தில் ஐந்து. ஏழடி நீளத்துக்கு இரண்டு பள்ளம். உள்ளே இறங்கி நின்றால் உள்ளங்கை மேசையில் சரியாகப் படிந்தது. அளவு சொல்ல என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். "மொத மொதல்ல ஒழுங்கா அளந்துருக்க, தங்கச்சி" என்றார் அண்ணன்.

இரண்டாம் மாதம் சட்டங்கள் கூடின. மூன்றாம் மாதக் கடைசி நாளில் தொர கேட்ட இரண்டு மடங்கு நிறைந்தது. அப்பா மலைக்குப் போகவில்லை. தொர எல்லாரிடமும் தன் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். கிளாக்கர் ஐயா ஒரு நாள் பட்டறைக்குப் போய்ப் பள்ளத்தைப் பார்த்தார். குடையின் நுனியை விட்டு ஆழம் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "அப்ப, கோப்பில ஒரு பிழையுமில்லை."

மழைக்காலத்தில் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் ஊறும். சீவலைக் கொட்டி அதன் மேல் நின்று வேலை செய்தார்கள். அப்பா பென்சன் வாங்கும் வரை ஆறு வருஷம் அப்படித்தான் நின்றார். தொரமார் மாறினார்கள், யாரும் கேட்கவில்லை. நானும் திரும்பப் போய்ச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பள்ளங்களை மூடிச் சிமெண்டுத் தரை போட்டாயிற்று. அதே இருபத்தெட்டில் நாலு புது மேசை வரப்போகிறது. தோண்ட மண் இல்லை. சவரி அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

ஆகவே புஷ்பத்தைக் கடிதம் அடிக்க விடவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போய், சவரி அண்ணனையும் இப்போது பட்டறையில் இருக்கும் மற்ற மூவரையும் அவரவர் வாசலில் நிறுத்தி அளந்தோம். நாடா அவள் கையில்.

"இப்ப உள்ள தொர நம்ம நாட்டாளு தானேண்ணே, ஆபீஸ்லயே அளந்தா என்ன?" என்று அவள் அண்ணனிடம் கேட்டாள்.

"அவருக்கு முன்னால மூணு இஞ்சுதான் கம்மி தங்கச்சி. ஒரு இஞ்சு சுதந்திரம்" என்றார் அவர்.

நாலு பேருக்கும் நாலு அளவு. ஒரே மாதிரி வேண்டும் என்று யார் சொன்னாலும் விடாதே, ஒவ்வொரு மேசையிலும் ஆளின் பெயரைப் போட்டு அடி என்று சொல்லியிருக்கிறேன். "பழைய கோப்பில இருபத்தெட்டுத்தானே" என்று ஐயா கேட்பார் என அவள் பயந்தாள். பயப்படுவதில் நியாயமிருக்கிறது. அதனால் அந்தப் பழைய தாளைக் குடைக்குள் சுருட்டி எடுத்துவரச் சொன்னேன். இன்று பின்னேரம் கொண்டுவந்தாள். நாளைக் காலை ஐயா வருமுன் திரும்ப வைத்துவிடுவாள்.

எட்டு வருஷம் நான் அடித்த ஆயிரம் தாள்களில் ஒன்றிலாவது என் பெயர் கிடையாது. எல்லாவற்றிலும் தொரையின் கையெழுத்துத்தான். இருபத்தெட்டு என்ற எண்ணைச் சிவப்பு மையால் வெட்டினேன். "இந்த அளவு பிழை. ஆட்கள் குனிந்து நிற்கும்போது எடுத்தது" என்று பக்கத்தில் எழுதினேன். அதன் கீழே, இழுத்துக் கிறுக்காமல், படிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும் எழுத்தில், மாரிமுத்து மகள் தெய்வானை என்று முழுப் பெயரையும் போட்டேன்.

பிறகு மை காயும் வரை ஊதினேன். மூன்று தரம்.